நெட் இருக்கிறது, மூன்றாம் வகுப்பு நடத்தியிருக்கிறீர்களா?

கேள்வி: கல்வியியல் முதுகலையான எம்.எட். முடித்து, கல்லூரி விரிவுரையாளர் வேலைக்கான தகுதித் தேர்வான நெட்டிலும் கல்வியியலில் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். ஆனால் எங்கள் பகுதி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களைத்தான் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறார்கள். கேட்டால், 'அனுபவம் போதும்' என்கிறார்கள். நாளைய ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தத் தகுதியானவர் யார்? முறையாகப் படித்தவரா, வயதானவரா?
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: 'வயதானவர்' என்று போட்டதிலேயே உங்கள் தீர்ப்பு தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டதற்காகச் சொல்கிறேன். இரண்டு பேருமே என் முதல் தேர்வு இல்லை. இன்று காலை பிள்ளைகள் முன்னால் நின்றவர், நாளையும் நிற்கப் போகிறவர், அவரைத்தான் நான் கூப்பிடுவேன். அவருக்கும் ஒரு நிபந்தனை உண்டு: தான் வகுப்பில் செய்வதை ஏன் செய்கிறோம் என்று இன்னொருவருக்கு விளங்கும்படி சொல்லத் தெரிய வேண்டும். பல அனுபவசாலிகள் தேறாமல் போவது இங்கேதான். நன்றாக நடத்துவார்கள்; எப்படி என்று கேட்டால், 'அது அப்படித்தாம்மா, போகப் போக வந்துடும்' என்பார்கள்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 'கொடி'யை 'கெடி' என்றோ 'காடி' என்றோ வாசிக்கிறது என்று வையுங்கள். பழைய ஆசிரியர் பத்துத் தடவை எழுதச் சொல்வார். புதிதாக எம்.எட். முடித்தவர் அதற்கு ஒரு குறைபாட்டின் பெயரைத் தேடுவார். ஆனால் பிள்ளை என்ன செய்திருக்கிறது? முன்னால் கொம்பு வந்தால் 'கெ', பின்னால் கால் வந்தால் 'கா' என்று போன வாரம் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் வேறு ஒலி என்பதை யாரும் எடுத்துக்காட்டவில்லை. கெ, கா, கொ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'என்ன வித்தியாசம், நீயே சொல்' என்று கேட்டால் அந்த வகுப்பிலேயே பாதிப் பேருக்குப் பிடிபட்டுவிடும். கணக்கிலும் இதே கதைதான். 52-இல் 27 போனால் 35 என்று எழுதும் பிள்ளைக்குக் கழித்தல் தெரியாமல் இல்லை. 'பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி' என்று நாம் சொன்னதை ஒன்றுகள் இடத்திலும் செய்து, ஏழில் இரண்டைக் கழித்துவிட்டது.

இந்த அறிவு கணித முனைவரிடமும் கிடைக்காது, உளவியல் நோட்ஸிலும் கிடைக்காது. பாடம் தெரிவது ஒன்று, அந்தப் பாடம் பிள்ளையின் தலையில் எங்கே இடறும் என்று தெரிவது இன்னொன்று என்று லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986-லேயே பிரித்துக் காட்டிவிட்டார். நீங்களும் எம்.எட். தேர்வில் இதைப் பற்றி எழுதியிருக்கலாம்.

சரி, நம் விதிகள் என்ன சொல்கின்றன? தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் கொண்டுவந்த விதிமுறைப்படி, பி.எட். கல்லூரியில் ஒரு பாடத்தைக் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தர அந்தப் பாடத்தில் முதுகலையும் எம்.எட்.டும் வேண்டும், இரண்டிலும் 55 சதவீதம். பள்ளியில் பாடம் நடத்திய அனுபவம் அதில் கட்டாயம் இல்லை. ஒரு நாள்கூட வகுப்பறையில் நிற்காதவர், வகுப்பறையில் எப்படி நிற்க வேண்டும் என்று இரண்டு ஆண்டு சொல்லித்தரலாம். குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப்போடுகிறார்களே, அந்த மனிதர் தன் சொந்தப் பிள்ளைகள் மூன்று பேரை வருஷக்கணக்கில் பக்கத்திலிருந்து கவனித்துக் குறித்துவைத்தவர். அதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

தமிழ்நாட்டில் இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பி.எட். படித்தவர் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியராகத் தகுதியில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் ஆசிரியர் தேர்வு வாரியம், பட்டதாரி ஆசிரியர்களோடு சேர்த்து வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர் பணிக்கும் அறிவிப்பு வெளியிட்டது. பட்டமும் பி.எட்.டும், ஆசிரியர் தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். இந்தப் பயிற்றுநர்கள் தொடக்கப் பள்ளிகளுக்கும் போய் வழிகாட்டுகிறவர்கள். ஆக, மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியராக முடியாதவர், மூன்றாம் வகுப்பு ஆசிரியருக்குப் பயிற்றுநராகலாம்! இருபது வருஷமாகச் சின்னப் பிள்ளைகளோடு மன்றாடிய டீச்சர், நேற்று பணியில் சேர்ந்தவர் சொல்வதைக் குறிப்பெடுக்க வேண்டும். அந்த இளைஞர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களைத் தயார் செய்யாமல் அனுப்பியவர்கள் மேல்தான்.

வேறு விதமாகவும் இங்கே நடந்திருக்கிறது. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் பிள்ளைகள் பாட அட்டைகளை வைத்துத் தாங்களே படிக்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ஆசிரியர்களையே ஆந்திராவில் உள்ள ரிஷி வேலி பள்ளிக்கு அனுப்பிப் பார்த்துவரச் செய்தார்கள். அவர்கள் திரும்பி வந்து, அட்டைகளைத் தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி, தங்கள் வகுப்பிலேயே போட்டுப் பார்த்து, பிறகு மற்றவர்களுக்குக் காட்டினார்கள். பார்க்க வந்தவருக்குச் சந்தேகம் இருந்தால் எதிரே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் 2007-08-இல் மாநிலம் முழுக்கப் போனது. அவ்வளவு வேகத்தில் பல ஊர்களுக்கு அட்டை போய்ச் சேர்ந்தது, அட்டை எதற்கு என்ற விளக்கம் போய்ச் சேரவில்லை என்பது என் கருத்து.

பின்லாந்தில் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்த பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே வேலை பார்ப்பவருக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதும் மாணவ ஆசிரியரை வழிநடத்துவதும் ஒரே பணியின் இரண்டு பகுதிகள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், மைசூரில் என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வி நிறுவனத்தோடு, மாணவ ஆசிரியர்கள் பார்த்துப் பழக ஒரு செய்முறைப் பள்ளி இருக்கிறது. நம் பி.எட்.டிலும் இருபது வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்று விதி போட்டாயிற்று. ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? பயிற்சி மாணவர் வந்ததும் வகுப்பாசிரியர், 'நீங்க பாத்துக்கோங்க' என்று ஒப்படைத்துவிட்டு, பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் வேலையை முடிக்கப் போகிறார். கல்லூரி விரிவுரையாளர் ஒரு பீரியட் உட்கார்ந்து, பாடக்குறிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார். அந்த இருபது வாரமும் மாணவருக்கு உண்மையான குரு அந்த வகுப்பாசிரியர்தான். அதற்காக அவருக்கு ஒரு பயிற்சி கிடையாது, வேலைக் குறைப்பு கிடையாது, ஒரு ரூபாய் கூடுதல் ஊதியமும் கிடையாது. ஆள் இல்லை என்று தேடிக்கொண்டிருக்கிறோம். ஆள் அங்கேயே உட்கார்ந்து எமிஸில் வருகைப் பதிவு ஏற்றிக்கொண்டிருக்கிறார்!

முனைவர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்வித் தத்துவமும், பள்ளிக்கும் சாதிக்கும் உள்ள உறவும், தேர்வு முறையின் வரலாறும் ஆழமாகப் படித்தவர்தான் நடத்த வேண்டும். வகுப்பறை அனுபவம் மட்டும் உள்ளவர் தன் ஊர் வழக்கத்தையே உலக நியதி என்று சொல்லிவிடுவார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களிலும் சிலர் கடைசிப் பத்து வருஷம் கோப்பைத்தான் பார்த்திருப்பார்கள், கரும்பலகையை அல்ல. அந்த அளவில் உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கட்டாயம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கும். தலைமையாசிரியரைப் பார்த்து, மேலிடத்தில் முறைப்படி அனுமதியும் வாங்கி, வாரத்துக்கு இரண்டு நாள் மூன்றாம் வகுப்பை எடுக்கிறேன் என்று கேளுங்கள். ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தே கூட்டிப் போவார்கள். ஒரு வருஷம் கழித்து நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ் கோப்போடு பிள்ளைகளின் தவறுகளைக் குறித்துவைத்த நோட்டையும் எடுத்துப் போங்கள். அதைப் புரட்டிப் பார்க்காத கல்லூரியில் உங்களுக்கு வேலை கிடைக்காவிட்டால் நஷ்டம் உங்களுக்கு இல்லை.