மனசு சரியானால்தான் தூக்கம் வருமா?

கேள்வி: எட்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை. பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணி, இரண்டு மணி வரை புரண்டுகொண்டே இருக்கிறேன். கொஞ்சம் அசந்தாலும் நான்கு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. பகலில் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறேன், காரணமில்லாமல் அழுகை வருகிறது. மனசு சரியானால் தூக்கம் தானாக வரும் என்கிறார்கள். எனக்கு மனநோயா? முதலில் எதைச் சரிசெய்வது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: மனசு சரியாகட்டும் என்று தூக்கத்தைத் தள்ளிவைக்காதீர்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வாரத்தில் குறைந்தது 3 இரவு, 3 மாதத்துக்குக் குறையாமல் இப்படி இருந்து, பகல் பொழுதும் கெட்டால் அது நாள்பட்ட தூக்கமின்மை. முன்பெல்லாம் மருத்துவர்களே இதை மனச்சோர்வின் ஓர் அறிகுறி என்று ஒதுக்கியதுண்டு. 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கையேடு, கூடவே வேறு நோய் இருந்தாலும் தூக்கமின்மையைத் தனியாகக் கவனிக்கச் சொல்கிறது. இதற்குக் காரணம் உண்டு. நீண்டநாள் தூங்காதவர்களுக்குப் பிற்பாடு மனச்சோர்வு வரும் வாய்ப்பு, நன்றாகத் தூங்குகிறவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. தூக்கம் கெட்டால் மூளையில் பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி வேகமாகப் பொங்குகிறது, அதை அடக்கும் மூளையின் முன்பகுதியின் பிடி தளர்ந்துவிடுகிறது. உங்கள் எரிச்சலிலும் அழுகையிலும் இதற்குப் பங்கு இருக்கலாம், எனவே உங்கள் குணமே கெட்டுவிட்டது என்று நினைத்து நொந்துகொள்ளாதீர்கள். மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறதா என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது, நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் காத்திருக்காமல் இன்றே யாரிடமாவது சொல்லி, உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

தூக்கம் கெடத் தொடங்கிய காரணம் ஒன்றாக இருக்கும், அது நீடிப்பதற்கான காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். விட்ட தூக்கத்தைப் பிடிக்கச் சீக்கிரமே படுக்கிறோம், காலையில் எழாமல் கிடக்கிறோம், மணி பார்க்கிறோம், 'இன்றும் தூங்காவிட்டால் நாளை என்ன ஆகும்' என்று கணக்குப் போடுகிறோம், இப்படியே போனால் கட்டிலைப் பார்த்ததுமே உடம்பு விழித்துக்கொள்ளும். கட்டிலுக்கும் விழிப்புக்கும் விழுந்த இந்த முடிச்சை அவிழ்க்க ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-ல் சொன்ன வழி இன்றும் கைகொடுக்கிறது: தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மட்டும் படுங்கள், சுமார் இருபது நிமிடம் ஆகியும் வரவில்லை என்று தோன்றினால் (கடிகாரத்தைப் பார்க்காமல்) எழுந்து வேறிடம் போய் மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக எதையாவது செய்யுங்கள், சொக்கினால் திரும்பி வாருங்கள். எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். முதல் ஒன்றிரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள். காபியில் உள்ள காஃபீனில் பாதி உடம்பைவிட்டு இறங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதனால் மதியத்துக்கு மேல் வேண்டாம்.

இவற்றோடு, படுக்கையில் கிடக்கும் நேரத்தையே குறைத்துப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதும், தூக்கம் பற்றிய பயத்தைப் பேசித் தீர்ப்பதும் சேர்ந்ததுதான் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-ல் மாத்திரைக்கு முன் இதைத்தான் பரிந்துரைத்தது. நேரம் குறைக்கும் பகுதியை மட்டும் நீங்களாகச் செய்ய வேண்டாம், குறிப்பாக இருதுருவக் கோளாறு (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய்), வலிப்பு உள்ளவர்களும் வண்டி ஓட்டும் வேலையில் இருப்பவர்களும். தூங்கும்போது பலத்த குறட்டை, மூச்சுத் திணறல், கால் குடைச்சல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அவற்றுக்கு வைத்தியம் வேறு.

கேள்வி: இரண்டு வருடமாகத் தினமும் தூக்க மாத்திரை போடுகிறேன். நாளையிலிருந்து நிறுத்திவிடலாமா?
- இன்னொரு வாசகர்

பதில்: திடீரென்று நிறுத்தாதீர்கள். பென்சோடயாசெபைன் வகை மாத்திரையாக இருந்தால் சட்டென்று விடும்போது தூக்கம் முன்பைவிட மோசமாகும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் 'குறைக்க வேண்டும்' என்று நேராகக் கேளுங்கள். அளவைச் சிறிது சிறிதாக இறக்குவார்கள், சில மாதம்கூட ஆகலாம். மேலே சொன்ன பயிற்சியை அப்போதே தொடங்கினால் விடுவது சுலபம். மாத்திரைக்குப் பதில் மது என்று மட்டும் போய்விடாதீர்கள், அது சீக்கிரம் தூங்கவைத்துப் பின்னிரவில் எழுப்பிவிடும். மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து.