சூரியனை நோக்கும் கருவிகள்: ஒரு பொறியாளரிடம் சில கேள்விகள்

கேள்வி: ஐயா, இரவு வானை நோக்கும் தொலைநோக்கிக்கும் சூரியத் தொலைநோக்கிக்கும் வடிவமைப்பில் என்ன வேறுபாடு?

பதில்: இரவுத் தொலைநோக்கி கிடைக்கும் ஒளியில் துளியையும் இழக்கக் கூடாது, எங்களுக்கோ, வந்து சேரும் ஒளியில் பெரும்பகுதியை வெளியேற்றுவதே முதல் வேலை. ஹவாயில் உள்ள டேனியல் இனோயி சூரியத் தொலைநோக்கியின் 4 மீட்டர் ஆடி ஏறத்தாழ 13 கிலோவாட் வெப்பத்தைத் திரட்டுகிறது. அது குவியும் இடத்தில் குளிர்விக்கப்பட்ட தடுப்பு ஒன்று, சூரியப் பரப்பின் சிறு பகுதியின் ஒளியை மட்டும் துளை வழியே உள்ளே விட்டு, மற்றதைத் தள்ளிவிடுகிறது. சுற்றியுள்ள காற்றைவிட ஆடி சற்றே சூடானாலும் அதன் மேல் எழும் காற்று படிமத்தைக் குலைத்துவிடும் என்பதால், ஆடியையும் ஓயாமல் குளிர்விக்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவு ஒளி இருந்தும், ஒளி போதவில்லை என்று சூரிய ஆய்வாளர்கள் சொல்வது ஏன்?

பதில்: காந்தப்புலத்தை அளக்கும்போது அந்த நிலை வருகிறது. காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும்போது தெரியும் மெல்லிய கோடுகள்) பிளவுபட்டு முனைவாக்கம் பெறுவதை, அதாவது அவற்றின் ஒளி அலைகள் ஒழுங்கான முறையில் அதிர்வதைக் கொண்டே 1908-இல் ஹேல் என்ற அமெரிக்க வானியலாளர் சூரியப் புள்ளிகளின் காந்தப்புலத்தைக் கண்டறிந்தார். இன்றும் அதே வழிதான். ஆனால் முனைவாக்கத்தை ஆயிரத்தில் ஒரு பங்குத் துல்லியத்தில் அளக்க ஏறத்தாழ 10 லட்சம் ஒளித்துகள்கள் தேவை. பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால் 10 கோடி. மிகக் குறுகிய அலைநீளப் பட்டையில், பரப்பின் மிகச் சிறிய பகுதியிலிருந்து, காட்சி மாறுவதற்குள் அத்தனையையும் திரட்ட வேண்டும்.

கேள்வி: உங்களை மிகவும் சோதித்த கருவி எது?

பதில்: கொரோனாகிராஃப். சூரிய வட்டை மறைத்து, அதைச் சூழ்ந்த வெளி வளிமண்டலமான கொரோனாவைக் காட்டும் கருவி அது. சூரிய வட்டைவிடக் கொரோனா ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு மங்கலானது. 1930-களின் தொடக்கத்தில் லியோ என்ற பிரெஞ்சு வானியலாளர், பிரான்சின் பிக் டு மிடி மலையுச்சியில், கிரகணம் இல்லாமலேயே கொரோனாவைப் படமெடுத்துக் காட்டினார். எங்கள் முதல் சோதனையில் படம் முழுவதும் வெண்மை படர்ந்திருந்தது. மூன்று வாரங்கள் என் கணக்கீடுகளில் பிழை தேடினேன். பிழையோ முன்வில்லையில் படிந்து சூரிய ஒளியைச் சிதறடித்த தூசியில் இருந்தது. அதன்பின் தூய்மை அறைக்கான விதிகளை நானே எழுதினேன். அந்தப் பொறுப்பை அனுபவமற்றவர்களிடம் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இதற்கு எந்தத் துறையைப் படிக்க வேண்டும்?

பதில்: இயந்திரவியல், மின்னணுவியல், ஒளியியல் எதுவாயினும் சரி. வெப்பநிலை மாறும்போது ஒவ்வொரு பொருளும் எவ்வளவு விரியும் என்று கணக்கிடப் பழகுங்கள்.

கேள்வி: ஒரு பணிக்காலத்தில் எத்தனை கருவிகளை உருவாக்க இயலும்?

பதில்: பெரியவை என்றால் இரண்டு அல்லது மூன்று. மேற்சொன்ன ஹவாய் தொலைநோக்கியின் கட்டுமானம் 2012-இல் தொடங்கியது. முதல் படங்கள் 2020-இல்தான் வெளிவந்தன. ஆகவே ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தைக் குறித்து வைக்க வேண்டும். நான் வடிவமைத்த கருவி ஒன்றை இப்போது பராமரிப்பவர், என் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் அதன் வில்லைகளைக் கழற்றுகிறார்.