1,350 பெரிதா, 336 பெரிதா?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உச்சிப்புளிக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மண்டபத்தில் நண்டு பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. அம்மாவின் குடும்பம் 1970-களில், அவர் சிறுமியாக இருந்தபோது, இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்தது. பெரியம்மா மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய மகள், எனக்கு அக்கா, இன்றும் கொழுந்து பறிக்கிறார். 2025-இல் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் பேசும்போது தனக்கு ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் வேலைக்கு, 1,350 ரூபாய் என்றார். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு 336 ரூபாய் என்று நான் சொன்னதும், "அவ்வளவுதானா சித்திக்கு?" என்று வருத்தப்பட்டார். அம்மா அன்று முழுவதும் சரியாகப் பேசவில்லை. அங்கே கூலி நான்கு மடங்கு என்றால், 2022-இல் ஏன் அத்தனை பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கினார்கள்? இரண்டு நாட்டுக் கூலியையும் ஒப்பிடச் சரியான வழி எது? அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

வாசகி, உச்சிப்புளி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மா அன்று பேசாமல் இருந்ததை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போகிறீர்கள். என் மனம் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. ஒரு மனிதர் தன் உழைப்புக்கு இவ்வளவுதான் விலை என்று இன்னொருவர் வாயால் கேட்க நேர்வது சிறிய காயமில்லை. ஆகவே இந்தக் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

இரண்டு நாட்டுப் பணத்துக்கும் ரூபாய் என்றே பெயர் இருப்பதால் வரும் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். 2025-இல் ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய் கிடைத்தது. அந்தக் கணக்கில் அக்காவின் 1,350 நம் பணத்தில் 385 ரூபாய் அளவில் வருகிறது. நான்கு மடங்கு என்று தெரிந்த வித்தியாசம் ஐம்பது ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. பலர் இந்த இடத்திலேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆனால் நாணய மாற்று விலை என்பது ஏற்றுமதி, இறக்குமதி, வெளிநாட்டுக் கடன், டாலர் கையிருப்பு ஆகியவற்றால் ஏறி இறங்குவது. அக்கா அரிசி வாங்குவது தோட்டத்துக் கடையில். அம்மா வாங்குவது உச்சிப்புளிக் கடைத்தெருவில். ஒரு நாள் கூலி அந்தந்தக் கடையில் எத்தனை கிலோ அரிசியாக மாறுகிறது என்று பார்ப்பதே உண்மைக்கு நெருக்கமான அளவு.

இந்த அளவுகோல் நம் பக்கத்துக்குப் பழையது. அறுவடைக் கூலியை நெல்லாக அளந்து கொடுத்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். விலை என்ன ஆனாலும் அளந்த நெல் அப்படியே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கடலுக்கு அந்தப் பக்கமும் இதே நினைப்பு இருந்தது. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை இலங்கை 1927-இலேயே இயற்றியபோது, கூலியோடு சேர்த்து, தோட்டம் கொடுக்க வேண்டிய அரிசியின் விலைக்கும் ஒரு வரம்பு வைக்கப்பட்டது. அந்தச் சட்டம் யாருக்காக வந்ததோ, அவர்களில் மிகப் பலர் நீங்கள் தினமும் கடந்துபோகும் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்த பின்பே தலைமன்னாருக்குக் கப்பலேறினார்கள். உங்கள் பாட்டனாருக்குப் பாட்டனாரும் அவர்களில் ஒருவராக இருந்திருக்கக் கூடும்.

சரி, 2025-இன் கணக்கு. 2024 டிசம்பரில் இலங்கை அரசு நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபாய் என்று உச்ச விலை நிர்ணயித்தது. அந்த விலையில் அக்காவின் ஒரு பேர் ஏறத்தாழ 5.9 கிலோ அரிசி. நம் பக்கத்தில் நடுத்தரமான சாப்பாட்டரிசி கிலோ 55 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அம்மாவின் 336 ரூபாய்க்கு 6.1 கிலோ கிடைக்கிறது. ஆக, அரிசிக் கடையின் முன்னால் பெரியம்மா மகளும் சித்தியும் சமமாகவே நிற்கிறார்கள். அரிசியோடு குழம்பு முடிந்துவிடுவதில்லை என்பதும் உண்மை. 2025-இன் தொடக்கத்தில் அங்கே ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டது. தேங்காய்ப்பால் இல்லாமல் கறி வைக்கத் தெரியாத ஒரு நாட்டில், ஒரு நாள் கூலியில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேலே ஒற்றைத் தேங்காய்க்குப் போயிற்று.

அடுத்து, கூலியிலிருந்து வராமலே வீட்டுக்கு வருகிறவற்றையும் எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அதே கடையில் கிடைக்கின்றன. 2023 செப்டம்பர் முதல் தகுதியுள்ள மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வருகிறது. ரேஷன் அரிசியைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறவர்களை நானும் அறிவேன். கடலுக்குப் போக முடியாத மாதங்களில் இந்தக் கரை பட்டினி கிடக்காமல் இருப்பது அந்தச் சாக்கினால்தான் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இலங்கையிலும் ஒரு காலத்தில் பங்கீட்டு அரிசி இருந்தது. 1953-இல் அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தியபோது ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் நின்றது. அந்த ஆண்டு அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பிறகு 1979-இல் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நிற்க, விலைவாசி ஏற ஏற அது வாங்கித் தந்த உணவு சுருங்கிக்கொண்டே போயிற்று. அதன்பின் சமுர்த்தி, இப்போது 2023 முதல் அஸ்வெசும என்ற அரசு உதவித் திட்டங்கள், அனைத்தும் பணமாக. உதவியைப் பணமாகக் கொடுப்பதில் சில நன்மைகள் உண்டு என்பதை மறுக்க மாட்டேன், ஆனால் விலை பாய்ந்து ஏறும் ஆண்டில் மூட்டை அரிசி காப்பாற்றும் அளவுக்குப் பணம் காப்பாற்றாது. மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் இரண்டு பக்கமும் அரசு செலவில் இருப்பதால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சரிக்குச் சரி என்று விட்டுவிடலாம்.

இதுவரை அம்மாவின் பக்கம் தட்டு தாழ்ந்ததுபோலத் தெரிகிறது. இனி வருவதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். நாட்கூலியை ஒப்பிடுகிறோம், நாட்களை ஒப்பிடுவதில்லை. அக்காவுக்கு மாதம் 25 பேர் முழுதாக விழுந்தால் 33,750 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் பிடித்தது போகக் கையில் 31,050. நம் பணத்தில் 8,900-க்குச் சற்றுக் குறைவு. அது தவிர, முதலாளி தன் பங்காக 12 சதவீதம் அந்த நிதியில் கட்ட வேண்டும். அம்மாவின் நூறு நாள் வேலையோ, பெயரே சொல்வதுபோல், 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டில் அதிகபட்சம் நூறு நாள். முழுதாகக் கிடைத்தாலும் ஆண்டுக்கு 33,600 ரூபாய், மாதத்துக்குப் பிரித்தால் 2,800. ரேஷன் அரிசியைக் கடை விலையில் 1,100 என்று மதிப்பிட்டு, உரிமைத்தொகையையும் கூட்டினாலும் 4,900-தான் வருகிறது. அளந்து பார்த்து வேலை குறைவென்று கூலியைக் குறைப்பதும், 2024 நவம்பர் தொடங்கிப் பல மாதம் நேர்ந்ததுபோல் பணம் வராமல் நிலுவையில் கிடப்பதும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அக்காவின் 25 நாளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தோட்டம் கேட்கும் கிலோ கொழுந்தைப் பறித்துக் கொடுக்காத நாளில் அரைப் பேர்தான் போடுவார்கள். மழையும் வெயிலும் கொழுந்தைத் தடுக்கும் மாதங்களில் வேலை நாளே குறையும். 18 பேர் விழுந்த மாதத்தில் பிடித்தம் போகக் கையில் வருவது 22,356 ரூபாய், அதாவது நம் பணத்தில் 6,400 அளவு. குடியிருக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வாடகை இல்லை, ஆனால் காலடி மண் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் கூரையும் போய்விடுமோ என்ற பயத்தை எந்தக் கூலிப் பட்டியலிலும் எழுத முடியாது.

இனி, நீங்கள் கேட்ட 2022. தோட்டத் தொழிலாளர் பல ஆண்டு போராடி, 2021 மார்ச்சில்தான் நாளுக்கு 1,000 ரூபாய் என்ற கூலியை வென்றார்கள். அன்று அது நம் பணத்தில் 370 ரூபாய்க்குச் சமம். அடுத்த ஆண்டு மே மாதத்தில், ஒரு சதம்கூடக் குறைக்கப்படாத அதே 1,000 ரூபாய் நம் பணத்தில் 215 ஆகிவிட்டது. இடையில் டாலர் கையிருப்பு வற்றி, ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. 200 ரூபாயாக இருந்த டாலர் 360-ஐத் தொட்டது. செப்டம்பரில் கொழும்பு விலைவாசிக் குறியீடு ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 70 சதவீதமும், உணவு மட்டும் ஏறத்தாழ 95 சதவீதமும் உயர்ந்து நின்றது. மன்னார் மீனவரின் படகுக்கும் மலையக லயத்தின் விளக்குக்கும் வேண்டிய மண்ணெண்ணெய் அந்த ஆகஸ்டில் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆயிற்று. கூலியைக் குறைக்க யாரும் கையெழுத்துப் போடவில்லை. விலையே அந்த வேலையைச் செய்து முடித்தது.

அந்த ஆண்டு மார்ச் 22 அன்று முதல் குடும்பங்கள், மொத்தம் 16 பேர், வந்து இறங்கியதை நம் கரை மறக்காது. பிறகு மண்டபம் முகாமில் நான் பேசிய ஒரு தாய், கணவரின் ஒரு நாள் கூலி ஒரு பால்மா பைக்கற்றுக்கே பற்றவில்லை என்றும், அன்றைக்குச் சோற்றுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது என்றும் சொன்னார். சட்டப் புத்தகத்தில் இருந்த குறைந்தபட்சக் கூலி அந்த வீட்டுக்குள் நுழையவே இல்லை. இன்று அங்கே விலையேற்றம் அடங்கியிருக்கிறது. ஏறிய விலை இறங்கிவிடவில்லை. தோட்டக் கூலி 2024 செப்டம்பரில் 1,350 ஆனதும், தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000, 2026 ஜனவரி முதல் 30,000 என்று சட்டம் திருத்தப்பட்டதும், இழந்ததை மீட்கும் முயற்சிகளே.

இன்னொன்றையும் தெளிவாக்க வேண்டும். அம்மாவின் 336 ரூபாய் இந்தியாவின் குறைந்தபட்சக் கூலி இல்லை. நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, 1948-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைப் பொருட்படுத்தாமல் தனியாக ஒரு கூலியை நிர்ணயிக்க மத்திய அரசுக்கு இடம் கொடுத்தது. இங்கே குறைந்தபட்சக் கூலி என்பது தொழிலுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று; உங்கள் கம்பெனியில் நண்டு உடைக்கும் பெண்களுக்கு எந்தப் பட்டியல் பொருந்தும் என்பதைக் கணக்கு எழுதும் நீங்களே கேட்டுப் பார்க்கலாம். நாடு முழுவதற்கும் என்று 2017-இல் அறிவித்த அடித்தளக் கூலி நாளுக்கு 176 ரூபாய், மேலே சொன்ன அரிசிக் கணக்கில் 3.2 கிலோ. இலங்கையின் 2025-ஆம் ஆண்டு 27,000 ரூபாயை 25 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 1,080, அதாவது 4.7 கிலோ. அரசு சட்டத்தில் எழுதிவைக்கும் எண் என்ற அளவில் அவர்களுடையது மேலானது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு நம்மிடம் ஒரு நல்ல அளவு 1957-இலேயே இருந்தது. அந்த ஆண்டு இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு தொழிலாளியும் துணையும் இரண்டு குழந்தைகளும் சேர்ந்து மூன்று அலகு (மூன்று பெரியவர்களுக்குச் சமம்) என்று கொண்டு, அலகுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் முதலிய செலவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டது. கல்வி, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்கு இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பிற்பாடு கூறியது. இந்த அளவில் நிறுத்திப் பார்த்தால் அக்காவின் கூலியும் தேறாது, அம்மாவின் கூலியும் தேறாது. மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் சின்னப்பாலத்துப் பெண்களுக்கும், பங்குக்குப் போகும் கடலோடிகளுக்கும் இந்தச் சட்டங்களின் கை நீள்வதே இல்லை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அக்காவிடம் இப்படிச் சொல்லுங்கள்: உன் நாட்கூலியும் சித்தியின் நாட்கூலியும் ஏறத்தாழ ஒரே அளவு அரிசி வாங்குகின்றன, உனக்கு வேலை நாள் அதிகம், சித்திக்கு ரேஷன் உண்டு. பிறகு, போன மாதம் முழுப் பேர் எத்தனை, அரைப் பேர் எத்தனை, தோட்டத்துக் கடையில் அரிசியும் மாவும் என்ன விலை என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவின் வேலை அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, இந்த ஆண்டு உண்மையில் எத்தனை நாள் கிடைத்தது, எப்போது பணம் ஏறியது என்று பாருங்கள். இரண்டையும் எனக்கு அனுப்பினால், நான் இங்கே ஊகமாகக் கொண்ட எண்களை எடுத்துவிட்டு அவர்கள் இருவருடைய எண்களை வைத்து இந்தக் கணக்கைத் திரும்பப் போடுகிறேன்.