ஊர்ச் செய்தித் தளத்துக்கு எந்த உரிமம் வைக்கலாம்?

கேள்வி: கடலூர், புதுச்சேரிப் பகுதிச் செய்திகளுக்காக நண்பர்கள் சேர்ந்து ஒரு தளம் தொடங்குகிறோம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். உள்ளடக்கத்துக்கு எந்த உரிமம் சரிப்படும்?

சிசி பை 4.0 வையுங்கள். படைப்பைப் பிறர் எடுத்துப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்களில், பெயரை மட்டும் கேட்கும் உரிமம் அது. யாரும் எடுத்துப் போடலாம், மாற்றலாம், காசுக்கும் விற்கலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். மாற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

விக்கிப்பீடியாவில் இருப்பது போல 'பை-எஸ்ஏ' வைக்கலாமே என்று உங்கள் குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். கலைக்களஞ்சியத்துக்கு அது பொருத்தம்தான். ஆனால் அதை எடுத்து மாற்றி எழுதுகிறவர், தான் எழுதியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அடுத்த ஒன்றிரண்டு நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம் ஊருக்குள் தண்ணீர் வந்தது. அப்படி ஓர் இரவில் உங்கள் ஆள் ஒருவர் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதுகிறார் என்று வையுங்கள். அதை ஒரு நாளிதழ் தன் செய்தியோடு கலந்து போட நினைத்தால், இரவுப் பணியில் இருக்கும் உதவி ஆசிரியர் உரிம விதியைப் படித்துக்கொண்டா இருப்பார்? வம்பு எதற்கு என்று விட்டுவிடுவார். விக்கிப்பீடியாவின் கூடப்பிறந்த விக்கிசெய்தியே இந்த வழியில் போகவில்லை. 2004-இல் தொடங்கிய ஆங்கில விக்கிசெய்தி, 2005 செப்டம்பரில் சிசி பை 2.5-ஐத்தான் எடுத்துக்கொண்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் செய்தி விக்கிப்பீடியாவுக்குப் போகலாம். அங்கிருக்கும் பத்தி உங்கள் தளத்துக்கு அப்படியே வர முடியாது, அது பை-எஸ்ஏ. தகவலை எடுத்துக்கொண்டு சொந்தமாக எழுதுங்கள். தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய விதத்துக்குத்தான் உண்டு.

எடுத்துப் போட நினைப்பவர் தயங்கி விட்டுவிடுவார் என்பதால்தான் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் 'என்சி'யும் எனக்குப் பிடிக்காது. நாம் அலைந்து எழுதுவதை வைத்துப் பெரிய பத்திரிகை சம்பாதிக்கலாமா என்ற ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் அவர்கள் ஒரு போன் போட்டு விசாரித்து, அதே தகவலைத் தங்கள் நடையில் எழுதிக்கொள்ளலாம். எந்த உரிமத்தாலும் அதைத் தடுக்க முடியாது. என்சி வைத்தால் உள்ளூர் கேபிள் சேனலும், விளம்பரம் ஓடும் யூடியூப் சேனலும்தான் தயங்கி ஒதுங்கும். பை வைத்தால் உங்கள் தளத்தின் பெயராவது போய்ச் சேரும்.

மாற்றக் கூடாது என்னும் 'என்டி' பற்றி ஒரு வரி போதும். மொழிபெயர்ப்பும் மாற்றம்தான்; புதுச்சேரி அரசைப் பற்றிய உங்கள் செய்தியை மாஹேயில் மலையாளத்திலும் ஏனாமில் தெலுங்கிலும் ஒருவர் போட விரும்பினால் அதற்கும் வழியில்லாமல் போகும்.

எல்லா உரிமையையும் விட்டுவிடும் சிசி ஜீரோ தாராளமானது. ஆனாலும் செய்தி அவசரத்தில் தப்பாகும், பிறகு திருத்துவோம். பெயரும் இணைப்பும் கூடவே போனால்தான், பழைய பிரதியைப் படித்தவர் திருத்திய பதிப்புக்கு வந்து சேர வழி உண்டு. யாராவது உங்கள் செய்தியைத் திரித்துப் போட்டால், எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவும் சிசி பை இடம் தருகிறது.

எதுவானாலும் முதல் செய்தி ஏறும் முன்பே முடிவு செய்யுங்கள். எழுதியவர்தான் உரிமையாளர், பின்னால் மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொருவரிடமும் போய்ச் சம்மதம் கேட்க வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 டிசம்பரில்தான் வந்தன; 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியா அதனால் ஜிஎஃப்டிஎல் என்ற வேறு உரிமத்தில் இருந்தது. அதை எழுதிய அமைப்பே 2008-இல் புதிய பதிப்பு வெளியிட்டு வழிவிட்ட பிறகுதான், 2009-இல் அவர்களால் மாற முடிந்தது. உங்களுக்கு யார் அப்படி வழிவிடுவார்கள்? 'பதிவிடு' பொத்தானுக்கு மேலேயே, "இதை சிசி பை 4.0 உரிமத்தில் வெளியிடச் சம்மதிக்கிறேன், தளத்தின் பெயரைக் குறிப்பிட்டால் போதும்" என்று ஒரு வரி வைத்துவிடுங்கள். இந்த உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது என்பதையும் எழுதுகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், படங்கள். வில்லங்கம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும். தேவனாம்பட்டினத்தில் கரையேற்றிய படகுகளை ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பி, "போட்டுக்குங்கண்ணே" என்கிறார். அது உங்கள் தளத்துக்குக் கிடைத்த அனுமதி, ஊரில் எல்லோரும் எடுத்து விற்கலாம் என்ற அனுமதி இல்லை. அவரே எடுத்த படமா, வேறு குழுவிலிருந்து வந்ததா என்று முதலில் கேளுங்கள். அவர் எடுத்ததுதான் என்றால், "யார் வேணும்னாலும் உங்க பேரைப் போட்டு எடுத்துக்கலாம், பத்திரிகைக்காரங்க உட்பட, சரியா?" என்று எழுதிக் கேட்டு, அவர் பதிலை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். தயங்கினால், படத்தின் கீழே 'அனுமதியுடன், சிசி பை இதற்குப் பொருந்தாது' என்று தனியாகக் குறித்துவிட்டுப் போடுங்கள்.