நோம்பியில் ஒரு ட்ரம்பெட்

அன்புள்ள ஐயா,

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் பற்றி நீங்கள் எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். பத்தாவது படிக்கிறான். மூன்று வருடமாக ட்ரம்பெட் கற்கிறான். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில், கம்பம் சுற்றும்போது ஜமாப் மேளக் குழுவோடு சேர்ந்து ஊதச் சொல்கிறார்கள். காசு கிடையாது. "நோம்பியில ஊதறதுக்கா இத்தனை ஃபீஸ் கட்டுனீங்க?" என்று வீட்டில் சண்டை. அனுப்பலாமுங்களா?

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக அனுப்புங்கள். ஜாஸ் என்றால் டிக்கெட் வாங்கி, ஏசி அரங்கில் அசையாமல் உட்கார்ந்து கேட்பது என்று நம் பக்கம் ஒரு நினைப்பு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் அது வளர்ந்தது தெருவில். பேண்டு வாத்தியம் முன்னால் போகும், ஜனம் பின்னால் ஆடிக்கொண்டே போகும். அந்தக் கூட்டத்துக்கு 'செகண்ட் லைன்' என்று பெயர். சாவுக்கும் வாசிப்பார்கள், இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவாக, திரும்பும்போது துள்ளலாக. (நம் தப்பட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

1901இல் பிறந்த ஆம்ஸ்ட்ராங் அந்தக் கூட்டத்தோடு ஓடிய பொடியன். 1912இன் கடைசி ராத்திரி, புத்தாண்டுக் குஷியில் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டு மாட்டிக்கொண்டு, சிறுவர் இல்லத்துக்குப் போனார். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் எடுத்த எடுப்பில் கார்னெட்டை (ட்ரம்பெட் மாதிரியான ஊதுகருவி) கொடுக்கவில்லை, முதலில் கஞ்சிரா மாதிரியான டாம்பரின்தான். பிறகு அந்த இல்லத்துக் குழுவோடு தன் பழைய தெரு வழியாக ஊதிக்கொண்டு போனபோது, ஜனங்கள் தொப்பி நிறையக் காசு போட்டதை அவரே எழுதியிருக்கிறார். வெளியே வந்தபின் கார்னெட் கலைஞர் கிங் ஆலிவர் வீட்டுக்குக் கடைகண்ணி போய்வந்து பாடம் கேட்டார். நோட்டை, அதாவது எழுதிய இசைக்குறிப்பை, பார்த்து வாசிப்பதில் தேறியது அதற்கும் அப்புறம், மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களில், ஃபேட் மாரபிள் குழுவில். உங்கள் மகனுக்கு நோட்டு முதலிலேயே வந்துவிட்டது, தெருதான் பாக்கி.

சரி, காசு. அந்த நியூ ஆர்லியன்ஸ் ஊர்வலங்கள் கேட்பவர்களுக்குத்தான் இலவசம். வாசித்தவர்களுக்கு, ஊர்வலம் நடத்திய ஊர்ச் சங்கங்கள் கூலி கொடுத்தன, உறுப்பினர்கள் கட்டிய சந்தாவிலிருந்து. நம் தலைக்கட்டு வரி மாதிரிதான். உங்கள் பையன் இன்னும் கற்றுக்குட்டி. இந்த ஒரு வருடம் ஜமாப்காரர்களுக்குப் பின்னால் நின்று சும்மா ஊதட்டும். அடுத்த நோம்பிக்கும் கூப்பிட்டால் கூலி பேசுங்கள். ஆனால் 'இவன் சும்மா ஊதுகிறானே' என்று சொல்லி ஜமாப்காரர்களின் கூலியில் யாராவது கை வைத்தால், அன்றைக்கே ட்ரம்பெட்டைப் பெட்டியில் போட்டு அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.