நிமிர்ந்த முதுகும் சாய்வதாகத் தோன்றும் உடம்பும்

அன்புள்ள அக்கா,

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 15 வயது. முதுகுத்தண்டு வலப்பக்கம் 50 டிகிரிக்கு மேல் வளைந்திருந்ததால், நான்கு மாதத்துக்கு முன் பெங்களூரில் ஆபரேஷன் செய்து, வளைவை நிமிர்த்திப் பிடிக்க உலோகக் கம்பி (ராடு) வைத்தார்கள். இப்போது உயரம்கூடக் கூடியிருக்கிறது. ஆனால் நிற்கும்போது இடப்பக்கம் சாய்கிற மாதிரியே இருக்கிறது என்கிறாள். முன்பு வலது தோள் தூக்கியிருந்தது, இப்போது இடது தோள். சொந்தக்காரர்கள் “கட்டை மாதிரி நடக்கிறா” என்கிறார்கள். நானும் “நேரா நில்லு” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆபரேஷன் சரியாக ஆகவில்லையோ? நீங்களும் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர் என்பதால் கேட்கிறேன்.

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

“நேரா நில்லு” என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வளைவோடு வளர்ந்த பிள்ளை அவள். கண், பாதம், இடுப்பு எல்லாம் அந்த வளைவையே நேர் என்று பழகிவிட்டன. எலும்பை ஒரே நாளில் நிமிர்த்திவிட்டார்கள்; பழக்கம் மாற மாதக்கணக்கில் ஆகும். கண்ணாடியில் நேராகத் தெரிந்த எனக்கும், கண்ணை மூடினால் சரிந்துவிடுவேன் என்று தோன்றும். அவள் சொல்வதை நம்புங்கள்.

வலப்பக்க வளைவை நிமிர்த்தும்போது இடது தோள் ஏறுவது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். ராடு போடாத எலும்புகள் மெல்ல ஈடுகொடுக்கும்போது பலருக்கு அது குறையும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். அடுத்த முறை, நின்றபடி எடுத்த எக்ஸ்ரேக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சாய்வு கூடிக்கொண்டே போனால் விடாமல் கேளுங்கள்.

நடை விறைப்பாகத்தான் இருக்கும். ராடும் ஸ்க்ரூவும் எலும்பு ஒட்டும்வரை தாங்கிப் பிடிப்பவை. ஆபரேஷனின்போது உள்ளே வைத்த எலும்புத் துணுக்குகள் முதுகெலும்போடு சேர்ந்து ஒரே எலும்பாக இறுக 6 முதல் 12 மாதம் ஆகும். அந்தப் பகுதி இனி வளையாது. இடுப்பையும் முழங்காலையும் மடக்கித்தான் குனிய வேண்டும். டாக்டர் சொல்லும்வரை இடுப்பில் தண்ணீர்க் குடம் வேண்டாம், களி கிண்ட வேண்டாம், மாங்காய்க் கூடை தூக்கவே வேண்டாம். பெருக்கினால் நீளக் கைப்பிடி வைத்த துடைப்பம். செக்கப்புக்குப் போகும்போது பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார வைக்காதீர்கள், ஒவ்வொரு வேகத்தடையும் முதுகில் இறங்கும். நடை மட்டும் நிற்கக்கூடாது. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பூங்கா உங்களுக்குப் பக்கம்தானே, சாயங்காலம் அழைத்துப் போங்கள்.

காய்ச்சல், தழும்பில் கசிவு, புதிதாகக் கூடும் வலி, காலில் பலவீனம், சிறுநீர் மலம் அடக்க முடியாமை — இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சொந்தக்காரர்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், அவள் காதில் விழும்படி. இத்தனை பெரிய ஆபரேஷனைத் தாங்கிக்கொண்ட பிள்ளையை வருகிறவர் போகிறவரெல்லாம் நிற்க வைத்து அளந்து பார்ப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருக்கிறதா, பள்ளிக்கூட பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று அவளிடமே கேட்டு எழுதி வையுங்கள். டாக்டரிடம் அதை அவளே சொல்லட்டும்.

அன்புடன்,
அக்கா