ஆன்லைனில் படித்துவிட்டு கல்லூரிக்குத் திரும்பினால் ஏன் ஒரு மணி நேரம்கூட உட்கார முடிவதில்லை?

சோம்பேறித்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பழக்கம் விட்டுப்போனதுதான்.

2020 மார்ச்சில் கல்லூரியை மூடியபோது நான் காரைக்குடியில் இளங்கலை முதல் ஆண்டு. எங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு, சுவரின் தடிமனுக்கு உள்ளே சிக்னல் வராது. முகப்புத் திண்ணைத் தூணில் மொபைலைச் சாய்த்து வைத்து, கேமராவை அணைத்து, வருகைப்பதிவுக்கு மட்டும் ‘எஸ் சார்’ சொல்லிவிட்டு ஆச்சியோடு வற்றல் காயப்போட்ட நாட்கள்தான் அதிகம். புரியாத பாடத்தை யூடியூபில் நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வாத்தியாரை அப்படி நிறுத்த முடியாதே!

2021 செப்டம்பர் 1-ல் கல்லூரி திறந்ததும் எனக்கு முதலில் மக்கர் செய்தது மூளை அல்ல, கை. இரண்டு பக்கம் எழுதுவதற்குள் மணிக்கட்டு வலித்தது, மூன்று மணி நேரத் தேர்வை நினைத்தால் வயிற்றைக் கலக்கியது. அப்புறம் தினமும் அரைமணி நேரம் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துவைத்துக் கையால் எழுதினேன், ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது.

கவனத்துக்கும் இதே வைத்தியம்தான். போனைப் பைக்குள் போட்டுவிட்டு முன் பெஞ்சில் உட்காருங்கள், சொல்வதைக் குறிப்பெடுங்கள். கை ஓடும்போது தூக்கம் கொஞ்சம் தள்ளிப்போகும். கடைசி பெஞ்சு மட்டும் வேண்டாம், அங்கே போனால் திண்ணை ஞாபகம் வந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்புக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை.